மார்கழிக் காலையும் மக்கர் செய்த கம்ப்யூட்டரும்



பாலிடெக்னிக்கில் அட்மிஷன் போட்ட மறுநாளே நம் எல்லோருக்கும் தெருவில் ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. சம்பளம் இல்லாத வேலை! மிக்ஸி ஓடலையா? கூப்பிடு அந்தப் பையனை. டி.வி.யில் படம் வரலையா? கூப்பிடு அந்தப் பொண்ணை. "நீதான் டிப்ளமோ படிக்கிறியே, கொஞ்சம் பாரேன்!" நாம் சிவிலா, மெக்கானிக்கலா, எலக்ட்ரானிக்ஸா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. அவர்களைப் பொறுத்தவரை டிப்ளமோ என்றால் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவன். அவ்வளவுதான்!

இந்த வேலையில் அதிகமாக வருகிற கேஸ் எது தெரியுமா? "கம்ப்யூட்டர் ஆன் பண்ணா ஹேங் ஆகுதுப்பா." அதற்கு நம்மிடம் ரெடிமேடாக ஒரு பதிலும் உண்டு. "ஃபார்மட் பண்ணிடலாங்க." தலைவலிக்கு மொட்டை அடிக்கிற வைத்தியம் இது. சில சமயம் தலைவலி போயும் போகும். அதுதான் இதில் உள்ள ஆபத்தே! பழுது போய்விட்டது என்பதற்காகப் பழுதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. மூன்று வருடப் படிப்பில் எந்தப் பேப்பரிலும் கேட்காத இந்தப் பாடத்தை எனக்கு நடத்தியது என் சித்தி வீட்டுக் கம்ப்யூட்டர்.

சித்தியின் அறுவடைக் காலம்

ஓசூரில் சித்தி வீட்டில் தங்கித்தான் படிக்கிறேன். சித்திக்கு வீட்டிலேயே டி.டி.பி. வேலை. கல்யாணப் பத்திரிகை, புதுமனை புகுவிழா, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் என்று எல்லாவற்றையும் டைப் செய்து, டிசைன் போட்டு, பென் டிரைவில் ஏற்றி பிரஸ்ஸுக்குக் கொடுப்பார். எல்லை ஊர் அல்லவா! தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பத்திரிகை வரும். மூன்றுக்கும் சித்தி வைத்திருப்பது யுனிகோடுக்கு முந்திய காலத்து ஃபான்ட்டுகள். பழைய பேஜ்மேக்கரில்தான் அவை ஒழுங்காக உட்காரும். அதனால் 2013-இல் வாங்கிய கம்ப்யூட்டரை விண்டோஸ் 7-உடன் அப்படியே காப்பாற்றி வருகிறார். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆனால் சித்தி அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பே கொடுப்பதில்லை என்பதால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆனால் தை முகூர்த்தத்துக்கான பத்திரிகை எல்லாம் மார்கழியில்தான் அடித்தாக வேண்டும். சித்திக்கு அதுதான் அறுவடைக் காலம். அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. விடிகாலையில் ஆன் செய்தால் பாதியிலேயே உறைந்து நிற்கும். மவுஸ் நகராது. கீ போர்டில் கேப்ஸ் லாக் விளக்குகூட எரியாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டால் மறுபடி உறையும். மூன்று நான்கு தடவை இப்படி மல்லுக்கட்டினால் ஏறிவிடும். ஏறிவிட்டால் அப்புறம் ராத்திரி வரைக்கும் ஒரு குறையும் இல்லை!

முதலில் ஒரு கடைக்காரர் வந்தார். மத்தியானம் 2 மணிக்கு வந்து ஃபார்மட் செய்தார். ஆன் செய்து காட்டினார். சூப்பராக ஏறியது. 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். ஃபான்ட்டுகள் பாதி போயிற்று. பழைய பத்திரிகை மாடல்கள் சில போயே போயிற்று. சித்தி இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார். மறுநாள் காலை 6 மணிக்கு ஆன் செய்தார்... பழைய குருடி கதவைத் திறடி!

அடுத்து வந்தவர், "மதர்போர்டு போச்சுங்க. இந்த மாடலுக்கு இப்ப போர்டு கிடைக்காது. புது சிஸ்டம் போட்டுடுங்க, 18,000 ஆகும்" என்றார். சித்தியின் முகம் வாடிவிட்டது. பணம் மட்டும் பிரச்சினை இல்லை. புது சிஸ்டத்தில் அந்தப் பழைய பேஜ்மேக்கர் ஓடுமா, அந்த ஃபான்ட்டுகள் ஏறுமா என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அதற்குள் இரண்டு பார்ட்டிகள் வேலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"தம்பி, நீ எலக்ட்ரானிக்ஸ்தானேடா படிக்கிற? நீயாவது பாரேன்" என்றார் சித்தி.

"பார்க்கறேன் சித்தி. ஆனா நாலு நாளைக்கு நான் எதையும் தொடமாட்டேன். சும்மா பார்த்துக்கிட்டு மட்டும்தான் இருப்பேன்" என்றேன்.

"நல்லாப் படிக்கிறடா நீ!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கே நின்றது என்று கேள்!

நண்பர்களே, கம்ப்யூட்டர் ஆன் ஆவது என்பது ஒரே வேலை இல்லை. ரிலே ஓட்டப் பந்தயம் மாதிரி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கட்டை மாறும். பட்டனை அழுத்தியதும் முதலில் எஸ்.எம்.பி.எஸ். விழிக்கும். 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்கள் நிலைக்கு வந்ததும், "பவர் சரி" என்று சாம்பல் நிற ஒயரில் ஒரு சிக்னல் அனுப்பும். அது வரும்வரை பிராசசர் ரீசெட்டிலேயே நிற்கும். அடுத்து பயாஸ் ஓடி ராம், கிராஃபிக்ஸ் எல்லாம் இருக்கிறதா என்று ஆஜர் எடுக்கும். பிறகு ஹார்டு டிஸ்க்கிலிருந்து பூட் லோடர், அதன்பின் விண்டோஸின் கெர்னல், டிரைவர்கள், கடைசியில் டெஸ்க்டாப்பும் தானாக ஓடும் புரோகிராம்களும்.

ஆகவே "ஹேங் ஆகுது" என்றால் முதல் கேள்வி: எங்கே? இரண்டாவது கேள்வி: தினமும் அதே இடத்திலா, இல்லை இடம் மாறுகிறதா?

தினமும் ஒரே இடத்தில் நின்றால் சந்தேகம் பெரும்பாலும் சாஃப்ட்வேர் பக்கம், இல்லையென்றால் குறிப்பிட்ட ஒரு சாதனத்தின் பக்கம் போகும். 2024 ஜூலை 19-ஆம் தேதி நடந்தது நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு கோளாறான அப்டேட், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்! அத்தனை மெஷினும் ஆரம்பிக்கும்போது அதே இடத்தில்தான் விழுந்தன. சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு ஃபைலை அழித்ததும் எழுந்துகொண்டன. இடம் மாறவில்லை என்றால் காரணமும் ஓர் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

இடம் மாறி மாறி நின்றால்? அப்போது எல்லோருக்கும் பொதுவான ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். ராம், சூடு, மின்சாரம் இந்த மூன்றும் எல்லாக் கட்டத்துக்கும் பொது.

ஒரு பழைய ரஃப் நோட்டை எடுத்தேன். தேதி, மணி, அறையின் வெப்பநிலை (சித்தி வீட்டு டிஜிட்டல் கடிகாரம் அதையும் காட்டும்), எங்கே உறைந்தது, எத்தனையாவது தடவையில் ஏறியது என்று ஐந்து காலம் போட்டேன்.

முதல் நாள், காலை 6.10, 19 டிகிரி: போர்டு கம்பெனியின் லோகோவில் உறைந்தது. நான்காவது தடவையில் ஏறியது.

இரண்டாம் நாள், 6 மணி, 19 டிகிரி: விண்டோஸ் 7-இன் நான்கு வண்ண வெளிச்சங்கள் சுற்றி வந்து ஒன்றுசேரும் இடத்தில் நின்றது. நான்காவது தடவை ஏறியது.

மூன்றாம் நாள், 6.15, 20 டிகிரி: டெஸ்க்டாப்பே வந்துவிட்டது. சித்தி முருகன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குள் உறைந்துவிட்டது. மூன்றாவது தடவை ஏறியது.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சித்தி கோயிலுக்குப் போய்விட்டு வந்து 11.30-க்குத்தான் ஆன் செய்தார். 24 டிகிரி. ஒரே ஒரு தடவை உறைந்தது. இரண்டாவது தடவையிலேயே ஏறிவிட்டது! அன்று மாலை கரன்ட் போய் அரை மணி நேரம் கழித்து வந்தது. ஆன் செய்ததும் முதல் தடவையிலேயே ஏறியது.

நோட்டைப் படித்ததும் இரண்டு விஷயங்கள் பளிச்சென்று தெரிந்தன. உறையும் இடம் மாறுகிறது. குளிர் அதிகமானால் பழுதும் அதிகமாகிறது. மத்தியானம் ஃபார்மட் செய்தவர் ஏன் வெற்றி பெற்றார் என்பதும் புரிந்தது. காலையிலிருந்து ஓடிச் சூடான கம்ப்யூட்டரில் அவர் என்ன செய்திருந்தாலும் "சரியாகியிருக்கும்". எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருந்தாலும்கூட!

நாளைக்கு ஒரே ஒரு சோதனை

இங்கேதான் ஒரு சிக்கல். ராத்திரி முழுவதும் ஆறிக் கிடந்தால்தான் பழுது வரும். அதாவது ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும். அரியர் பரீட்சை மாதிரி, தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் நான்கு பொருளை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு மாற்றம், ஒரே ஒரு மாற்றம்.

ஐந்தாம் நாள் யு.பி.எஸ்.ஸைக் கழற்றிவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் கொடுத்தேன். வோல்டேஜ் 228 இருந்தது. உறைந்தது. யு.பி.எஸ். நிரபராதி.

ஆறாம் நாள் சோதனைதான் எனக்குப் பிடித்தது. ஹார்டு டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் கழற்றி வைத்துவிட்டு, லைனக்ஸ் போட்ட பென் டிரைவிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது விண்டோஸ் இல்லை, டிரைவர் இல்லை, வைரஸ் இல்லை, ஃபான்ட் இல்லை, டிஸ்க்கும் இல்லை. இதிலும் உறைந்தால் அத்தனை பேரும் ஒரே அடியில் விடுதலை! 6.05-க்கு ஆன் செய்தேன். லைனக்ஸ் பாதி ஏறும்போது... நின்றது. சித்தி, "ஐயோ, இதுவும் போச்சா?" என்றார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. சந்தேகப் பட்டியலில் பாதிக்கு மேல் ஒரே காலையில் அடித்தாயிற்று! ஒவ்வொன்றாகக் கழிப்பதைவிடப் பாதிப் பாதியாகக் கழிப்பது எவ்வளவு வேகம் பாருங்கள். அகராதியில் வார்த்தை தேடும்போது நாம் முதல் பக்கத்திலிருந்தா புரட்டுகிறோம்? நடுவில் திறந்து, முன்னாலா பின்னாலா என்றுதானே பார்க்கிறோம்!

மீதி இருந்தது நான்கு பேர்: ராம், பிராசசர், மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். ராம் இரண்டு ஸ்டிக் இருந்தது. ஏழாம் நாள் ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தேன். எட்டாம் நாள் மற்றொன்றை மட்டும். இரண்டு நாளும் உறைந்தது. இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கெட்டுப்போவது அபூர்வம். பகலில் மெம்டெஸ்ட் ஓடவிட்டதில் ஒரு எரர்கூட வரவில்லை.

எஸ்.எம்.பி.எஸ். கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் லைனில் 11.9. 5 வோல்ட் லைனில் 5.02. அனுமதி 5 சதவீதம் கூடவோ குறையவோ. அதாவது 11.4 முதல் 12.6 வரை, 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். மீட்டரைக் கேட்டால் எஸ்.எம்.பி.எஸ். உத்தமன். அப்படியானால் இரண்டாவது கடைக்காரர் சொன்னதுதான் சரியா? மதர்போர்டுதானா? 18,000 ரூபாய்தானா?

இல்லை. மீட்டர் சராசரியைத்தான் காட்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வகுப்பு நண்பன் ஒருவன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி மூன்று நான்கு நாளைக்குக் கடனாகக் கொடுத்தான். (அவன் தங்கையிடம் திட்டு வாங்கியது தனிக்கதை!) ஒன்பதாம் நாள் அதைப் போட்டு ஆன் செய்தேன். முதல் தடவையிலேயே ஏறியது. பத்தாம் நாளும் ஏறியது. பதினொன்றாம் நாள் 18 டிகிரி, நல்ல குளிர். அன்றும் ஏறியது.

சித்தி கேசரி கிண்டிவிட்டார்.

"சரியாப் போனதை ஏண்டா கெடுக்கிற?"

பன்னிரண்டாம் நாள் நான் செய்தது சித்திக்குப் பிடிக்கவே இல்லை. முந்தின நாள் ராத்திரியே புது எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிவிட்டுப் பழையதைத் திரும்ப மாட்டினேன்.

"டேய், உனக்கென்ன பைத்தியமா? மூணு நாளா நல்லா ஓடுதுடா! காலைல 8 மணிக்குப் பார்ட்டி புரூஃப் பார்க்க வர்றாங்க. சரியாப் போனதை ஏண்டா மறுபடி கெடுக்கிற?"

"சித்தி, எஸ்.எம்.பி.எஸ். மாத்தும்போது போர்டுல இருக்கிற அந்த 24 பின் கனெக்டரைப் பிடுங்கி மாட்டினேன். அதுல கான்டாக்ட் லூஸா இருந்து, பிடுங்கி மாட்டினதாலயே சரியாப் போயிருந்தா? அப்ப நீங்க புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கினாலும், ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி லூஸாகும். மறுபடி பணம், மறுபடி கண்ணீர். பழையதை மாட்டினா பழுது திரும்பி வரணும். வந்தாத்தான் அது குற்றவாளி. இந்த ஒரே ஒரு காலையை மட்டும் எனக்குக் குடுங்க."

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எட்டு மணிக்குள்ள ஏறிடுமில்ல?" என்றார். அவ்வளவு நஷ்டத்துக்குப் பிறகும் அந்த ஒரு காலையை என்னை நம்பிக் கொடுத்தார்.

6.10. 19 டிகிரி. பட்டனை அழுத்தினேன். லோகோ வந்தது. நின்றது. கேப்ஸ் லாக் எரியவில்லை. மறுபடி... விண்டோஸின் வண்ண வெளிச்சம். நின்றது. மறுபடி... நின்றது. நான்காவது தடவை ஏறியது. பார்ட்டி வருவதற்குள் சித்தி புரூஃபை எடுத்துவிட்டார்.

"இப்ப என்னடா சொல்ற?" என்றார்.

"இப்பத்தான் சித்தி சொல்ல முடியும். மதர்போர்டு நல்லா இருக்கு."

18,000 ரூபாய்க்குப் பதில், நல்ல கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். ஒன்று 1,900 ரூபாய்க்கு வாங்கினார். தை முகூர்த்தத்துக்குப் பாக்கியிருந்த பதினொரு பத்திரிகையும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வேறு இடத்துக்குப் போன இரண்டு பார்ட்டிகளில் ஒருவர் மாசி முகூர்த்தத்துக்குத் திரும்பி வந்தார். இன்னொருவர் வரவில்லை.

இரண்டு மார்க் கேள்வியின் விஸ்வரூபம்

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம் எலக்ட்ரானிக்ஸ் லேபுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். சார் முன்னிலையில் 12 வோல்ட் லைனில் ஒரு கார் ஹெட்லைட் பல்பைச் சுமையாகக் கொடுத்தோம். 55 வாட் பல்ப், நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சி.ஆர்.ஓ.வில் பார்த்தால்... அடேங்கப்பா! நேர்கோடாக வரவேண்டிய இடத்தில் ரம்பப் பல்! உச்சியிலிருந்து பள்ளம் வரை 310 மில்லிவோல்ட் ரிப்பிள். ஏ.டி.எக்ஸ். விதிப்படி 12 வோல்ட் லைனில் அதிகபட்சம் 120 மில்லிவோல்ட்தான் இருக்கலாம். 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் 50-தான். கால் மணி நேரம் எரியவிட்டோம். கண்ணெதிரே ரிப்பிள் குறைந்துகொண்டே வந்து 170-இல் நின்றது. குளிரில் உறைந்து, சூடானதும் ஓடிய கம்ப்யூட்டரின் ஜாதகம் திரையில் தெரிந்தது.

"ரிப்பிள் என்றால் என்ன?" எத்தனை தடவை இரண்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறோம்! காரணத்தைப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டித்தான் அனுப்புகிறது. அந்த வெட்டுகளைச் சமன் செய்வது வெளியீட்டுப் பக்கத்து எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். அவற்றுக்குள் இருக்கும் திரவம் நாளாக ஆகக் காய்ந்துபோகும். அப்போது கெபாசிட்டரின் உள்தடை, நாம் புத்தகத்தில் ஈ.எஸ்.ஆர். என்று படிப்பது, ஏறிக்கொண்டே போகும். குளிரில் இன்னும் ஏறும். சூடானால் கொஞ்சம் இறங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிப்பிள் கரன்ட் 3 ஆம்பியர், ஈ.எஸ்.ஆர். 0.02 ஓம் என்றால் ரிப்பிள் 60 மில்லிவோல்ட். அதே கெபாசிட்டர் கிழடாகி ஈ.எஸ்.ஆர். 0.2 ஓம் ஆனால் 600 மில்லிவோல்ட்! நம் பழைய நண்பர் ஓம்ஸ் விதிதான். மல்டிமீட்டர் இந்த மேடுபள்ளத்தை எல்லாம் சராசரி போட்டு, "5.02, எல்லாம் நலம்" என்று சொல்லிவிடுகிறது. ஆனால் பிராசசருக்கும் ராமுக்கும் சராசரி போதாது. ஒரு கணப் பள்ளத்தில் ஒரு பிட் தவறாகப் படிக்கப்பட்டால் போதும், அந்த இடத்திலேயே உறைந்துவிடும். அதனால்தான் இடம் மாறி மாறி நின்றது.

அதுவும் ஏன் ஆரம்பிக்கும்போது மட்டும்? ஹார்டு டிஸ்க் சும்மா சுற்றும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு, சுமார் 2 ஆம்பியர் வரை, முதலில் சுழல ஆரம்பிக்கும் விநாடிகளில் 12 வோல்ட் லைனில் இழுக்கும். பிராசசரும் மும்முரமாக இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். ஆறிக் கிடக்கிற நேரமும் அதுதான். டிஸ்க் இல்லாமலும் உறைந்தது என்றால், டிஸ்க்கின் சுமைகூடத் தேவைப்படாத அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது என்று அர்த்தம்.

பெட்டியைத் திறந்தபோது 5 வோல்ட் பக்கத்தில் இரண்டு கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் பூரி மாதிரி உப்பியிருந்தது. 2000-களின் முதல் பாதியில் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மதர்போர்டுகள் இப்படித்தான் செத்தன. கெபாசிட்டரில் ஊற்றிய திரவத்தின் தரம் சரியில்லாமல் உப்பி, கசிந்துபோயின.

நண்பர்களே, ஒரு கெஞ்சல்! ஆர்வத்தில் வீட்டில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட்டை 1.414-ஆல் பெருக்குங்கள். 325 வோல்ட் டி.சி.! உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். நாங்கள் லேபில், சார் பக்கத்தில் நிற்க, ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைத்தோம்.

இன்னொரு கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று ஆயுள் குறித்த கெபாசிட்டர், 10 டிகிரி குறையக் குறைய இரண்டு மடங்கு நாள் உழைக்கும் என்பது பொது விதி. பெட்டிக்குள் 65 டிகிரி என்றால் 32,000 மணி நேரம். தினம் 10 மணி நேரம் ஓடினால் எட்டு வருடத்துக்கு மேல் வரும். ஃபேனில் தூசி அடைத்து 75 டிகிரி ஆனால் 16,000 மணி நேரம். நாலரை வருடம்கூட வராது! சித்தியின் சி.பி.யு. மேசைக்கு அடியில் சுவரை ஒட்டி, தூசிப் போர்வை போர்த்திக்கொண்டு இருந்தது. இப்போது மேசைக்கு மேலே வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டும் வேலை என்னுடையது.

உங்கள் பங்குக்கு...

எல்லா ஹேங்குக்கும் எஸ்.எம்.பி.எஸ்.தான் காரணம் என்று நான் சொன்னதாகத் தயவுசெய்து யாரும் கிளம்பிவிடாதீர்கள்! ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு கதை. ஆனால் கேட்கும் முறை ஒன்றுதான்.

முதலில் கேபிள்கள், பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கீ போர்டு, மவுஸ், மானிட்டர் மட்டும் வைத்துப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. கடிகாரம் தினமும் பழைய தேதிக்குப் போகிறதென்றால் போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி, சி.ஆர். 2032, தீர்ந்திருக்கும். டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் ஒதுக்கி வைத்த செக்டார்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால், பழுது பார்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் ஃபைல்களைக் காப்பி எடுங்கள்.

சேஃப் மோடில் நன்றாக ஏறி, சாதாரணமாக ஏறவில்லை என்றால் டிரைவரையோ தானாக ஓடும் புரோகிராமையோ பாருங்கள். விண்டோஸ் 7 வரை எஃப்8 அழுத்தினால் சேஃப் மோடு வரும். விண்டோஸ் 10, 11-இல் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து அந்த வழிக்குப் போகலாம். இன்னொன்று, 2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கினால் ஷட் டவுன் கொடுத்தாலும் கெர்னல் முழுசாக அணையாது. டிஸ்க்கில் படுத்துத் தூங்கும். முழுப் புது ஆரம்பம் வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேனே!" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எது செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். செய்ததை எழுதி வையுங்கள். சரியாகிவிட்டால், சரிசெய்த மாற்றத்தை ஒருமுறை திரும்ப எடுத்துப் பழுதை வரவழையுங்கள். (டிஸ்க்கில் உள்ள ஃபைலுக்கு ஆபத்து என்றால் மட்டும் வேண்டாம்!) பழுது உங்கள் பேச்சைக் கேட்டுப் போகவும் வரவும் செய்தால்தான் அதை நீங்கள் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதுவரை அது தானாகப் போயிருக்கிறது. தானாகப் போனது தானாகவே திரும்பி வரும், அதுவும் யாரோ ஒருவரின் அறுவடைக் காலம் பார்த்து!

"ஃபார்மட் பண்ணிடலாங்க" என்று சொல்வதற்கு மூன்று வருடம் படிக்க வேண்டியதில்லை. ரெக்கார்டு நோட்டில் காலம் போட்டு ரீடிங் எழுதினோமே, ஒரு பொருளை மாற்றும்போது மற்றதை மாறாமல் வைத்தோமே, அதற்குத்தான் மூன்று வருடம். மார்க் குறைவாக வாங்கியவனுக்கும் அரியர் வைத்தவனுக்கும் அந்தப் பழக்கம் கையில் இருக்கிறது. நம்மை நம்பிக் கூப்பிடுகிறவர்களின் பிழைப்பு சில நேரம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை யாராவது ஓடி வந்து, "கம்ப்யூட்டர் ஆன் பண்ணா ஹேங் ஆகுதுப்பா" என்று சொன்னால், ஸ்க்ரூ டிரைவரை அப்புறம் எடுங்கள். முதலில் கேளுங்கள்:

"எத்தனை மணிக்குங்க?"